செல்லாத ஓட்டும் சிமெண்டு உருளைக்கிழங்கும்

வாய்ராபம்பாவுக்கு ஒரு சிலை இல்லை என்பது ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைகுனிவாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. சுகாதார நிலையத்தில் டாக்டரின் கோட்டு மட்டும் தொங்கும், டாக்டர் இருக்கமாட்டார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் கீழ் ஊரின் சதுக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சிமெண்டு மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மேல் ஊரில் சிமெண்டுத் தொப்பி. அதற்கும் மேலே, ஆடு மேய்க்கிற நாலு வீட்டுக் குக்கிராமத்தில்கூட ஒரு சோளக்கதிர். திருவிழாவுக்குப் போகிற இடத்திலெல்லாம் "உங்க ஊர்ல என்ன சிலை?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? பெரு நாட்டு மலைப்பக்கத்தில் ஒருவர் மேயராக இருந்துவிட்டுச் சிலை வைக்காமல் இறங்கினால், அவர் மேயராக இருந்ததற்கு வேறு என்ன அத்தாட்சி?

இருந்த மேயருக்கு அந்த ஆசை கடைசி வருஷத்தில்தான் வந்தது. ஆனால் மறுபடி நிற்கச் சட்டத்தில் இடமில்லை. சட்டம் மேயரைத்தான் தடுக்கிறது, மேயரின் மச்சானைத் தடுக்கவில்லை என்பதால் மச்சான் காஸ்துலோ நின்றான். தான் ஜெயித்தால் சதுக்கத்தில் பிரம்மாண்டமான கூய் சிலை வைப்பதாகச் சத்தியம் செய்தான். கூய் என்றால், அடுப்படியில் கீச்சுக்கீச்சென்று ஓடித் திரிந்து, விருந்தாளி வந்தால் நேராகத் தட்டுக்கு வந்துவிடுகிற குண்டுப் பிராணி. முயல் என்றும் சொல்ல முடியாது, எலி என்றும் சொல்ல முடியாது. எதிர்த்து நின்றவர் இஞ்சினியர் ருஃபினோ. எங்கே படித்தார், என்ன கட்டினார் என்று யாருக்கும் தெரியாது, பெயரே அதுதான். அவர் உருளைக்கிழங்குச் சிலை வைப்பேன் என்றார். உலகத்துக்கே உருளைக்கிழங்கு கொடுத்தது இந்த மலைதான், நன்றி கெட்ட நாமே அதற்கு ஒரு சிலை வைக்கவில்லையே என்று பேசும்போது அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

குழாய், டாக்டர் இரண்டையும் இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். ஊரும் நினைவுபடுத்தவில்லை. தேர்தல் சின்னம் என்று காஸ்துலோவுக்குப் பானையும் ருஃபினோவுக்கு ஏணியும் இருந்தன. அதையும் யாரும் சொல்லவில்லை. நீ கூய் கட்சியா, கிழங்குக் கட்சியா, அவ்வளவுதான் கேள்வி.

எர்மெலிந்தாவுக்கு அந்தக் கேள்வியில் சந்தேகமே இல்லை. கூய் சிலை வருவதாகக் குறித்திருந்த இடம் சதுக்கத்தின் மேற்கு மூலை. அது அவளுடைய மூலை. நகராட்சிச் சுவரை ஒட்டி, மலையிலிருந்து பஸ் வந்து நிற்கிற இடத்தில், விடிந்ததும் விடியாததுமாகப் பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே பொரித்து, அவித்த சோளமும் வெங்காயமும் வைத்து விற்கிறாள். அந்த மூலையை யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. மூன்று மேயர்களோடு சண்டை போட்டு, ஒரு போலீஸ்காரன் தொப்பியைக் கொப்பரையில் தள்ளி வாங்கினது. அது போனால் அவளுக்குப் பிழைப்பில்லை.

உருளைக்கிழங்குக்குக் குறித்த இடம் நேர் எதிரே, கிழக்கு மூலை. அது பஸிலிசாவின் மூலை. அவளும் பன்றிக்கறிதான் பொரிக்கிறாள். இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. என் கறியில் கொழுப்பு, உன் கறியில் எலும்பு என்று சதுக்கத்தின் குறுக்கே பொதுப்படையாகப் பேசிக்கொள்வதோடு சரி. ஆக, எர்மெலிந்தா பிழைக்க வேண்டுமென்றால் கிழங்கு ஜெயிக்க வேண்டும், பஸிலிசா பிழைக்க வேண்டுமென்றால் கூய் ஜெயிக்க வேண்டும். ஜனநாயகம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் இருந்திருக்காது.

எர்மெலிந்தாவின் புருஷன் எவரிஸ்தோவுக்கு மட்டும் கவலையில்லை. ஊரில் இருக்கிற ஒரே கொத்தனார் அவன். எது வந்தாலும் கட்டப்போவது அவன்தான். ஆனாலும் ஒரு மாதமாக வீட்டுச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் கூய் காதாக வரைந்துகொண்டிருந்தான். நிமிர்ந்த காது, மடிந்த காது, ஒரு பக்கம் சாய்ந்த காது. எர்மெலிந்தாவுக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாள் அவன் கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு ஏதோ பேச வந்தான்.

"எர்மே, நான் யோசிச்சுப் பாத்தேன். காலை வெயில் எந்தப் பக்கமிருந்து..."

"யோவ், என் பொழப்பே போகப்போகுது, நீ வெயிலாம் மழையாம்னு. ஏணிக்குப் போடு, போட்டுட்டுப் பேசாம இரு."

எவரிஸ்தோ பேசாமல் இருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஆரம்பித்த வாக்கியம் எதையும் முடித்ததில்லை. அந்த வீட்டில் முடிப்பதெல்லாம் அவள்தான்.

தேர்தல் நாள் வந்தது. ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் என்பதால் மலையே இறங்கி வந்துவிடும். அந்த ஒரு நாள் வியாபாரம் ஒரு மாத வியாபாரத்துக்குச் சமம். எர்மெலிந்தா இருட்டிலேயே கொப்பரையை அடுப்பில் ஏற்றி, எவரிஸ்தோவைக் காவலுக்கு வைத்துவிட்டு, ஓட்டை முதலில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

ஆனால் அங்கே முதலில் போவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டு மேசைக்கும் மூன்று பேர் உட்கார வேண்டும். குலுக்கலில் ஊர்க்காரர்கள் பெயரையே எடுப்பார்கள். பெயர் விழுந்தவன் வராமல் டிமிக்கி கொடுத்துவிட்டால், வரிசையில் முதலில் நிற்கிறவனைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். இருட்டும்வரை எழுந்திருக்க முடியாது. அதனால் தேர்தலன்று விடியற்காலையில் இந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் வரிசையே இருக்காது. எல்லாரும் பக்கத்தில்தான் இருப்பார்கள். ஒருவன் மரத்துக்குப் பின்னால் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருப்பான், ஒருவன் மூடிய கடையின் பலகையைப் படித்துக்கொண்டிருப்பான். மேசை அமைந்தது என்று தெரிந்ததும் திருவிழாக் கூட்டம் மாதிரி பாய்வார்கள்.

எர்மெலிந்தா ரொட்டிக்கடைச் சுவருக்குப் பின்னால் நின்றாள். எட்டிப் பார்த்தால், தெருவுக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பஸிலிசா. கம்பம் ஒல்லி, பஸிலிசா அப்படியில்லை. இருவரும் பார்த்துக்கொண்டார்கள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசலில் தேர்தல் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வெளியே வந்து கையைத் தட்டினாள். குளிருக்குத்தான் தட்டினாள். பஸிலிசா மேசை அமைந்துவிட்டது என்று நினைத்து ஓட ஆரம்பித்தாள். எர்மெலிந்தாவின் புத்தி நில்லடி என்றது. ஆனால் பஸிலிசா முன்னால் ஓட்டுப் போட்டு, முன்னால் திரும்பி, முதல் பஸ் ஜனத்துக்குக் கறி போடுவதா? கால் புத்தியைக் கேட்கவில்லை. பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாசலில் பஸிலிசாவைத் தோளால் இடித்துத் தள்ளி முதலில் நின்றாள்.

அலுவலகத்துப் பெண் இரண்டு பேரின் கையையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வாங்கம்மா, உங்க மாதிரி ஆளுங்களாலதான் நாடு நிக்குது" என்றாள். சுற்றுவட்டாரத்தில் மரத்துக்குப் பின்னாலும் பலகைக்கு முன்னாலும் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவர்களோடு மேசைத் தலைவராக உட்கார்ந்தவர் டெல்ஃபின். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். குலுக்கலில் பெயர் விழுந்து, ஒழுங்காக நேரத்துக்கு வந்த ஒரே ஆள். சண்டை என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். பயபக்தியோடு நடுவில் உட்கார்ந்துகொண்டார். தலைக்கு மேலே சுவரில் வெறும் ஆணி ஒன்று. ஜனாதிபதியின் படம் மாட்ட வேண்டிய இடம் அது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முடிப்பதற்குள் ஆள் மாறிவிடுகிறார், அதனால் கொஞ்ச நாளாக ஆணிக்கே மரியாதை செய்துகொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் விட்டுவிட்டாராம்.

அன்று முழுக்க இரண்டு பெண்களும் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை. ஜன்னல் வழியாகச் சதுக்கம் தெரிந்தது. எர்மெலிந்தாவின் கொப்பரையில் எவரிஸ்தோ கறியைக் கரியாக்கிக்கொண்டிருந்தான். பஸிலிசாவின் அடுப்பு பற்றவே இல்லை. எங்கிருந்தோ ஒரு வெளியூர்க்காரன் கோழிச் சூப்புப் பானையோடு வந்து நடுச் சதுக்கத்தில் உட்கார்ந்து, மலை ஜனம் முழுவதையும் வளைத்துக்கொண்டான். தேர்தலன்று சாராயம் விற்கக்கூடாது என்பதால் அவனிடம் டீ என்று கேட்டவர்களுக்குக் கெட்டிலிலிருந்து பீர் வந்தது. டீ குடித்தவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுப் போட வந்தான். மத்தியானம் பசி பொறுக்காமல் பஸிலிசா பையிலிருந்து அவித்த கிழங்கை எடுத்தாள். பாதியைப் பிட்டு, எர்மெலிந்தாவைப் பார்க்காமலே மேசையின் மேல் தள்ளினாள். எர்மெலிந்தாவும் அவளைப் பார்க்காமலே தின்றாள். அதற்கு அர்த்தம் சமாதானம் இல்லை, பசி.

சாயங்காலம் எவரிஸ்தோ வந்தான். மறைப்புக்குள் போனவன் வெளியே வரவே இல்லை. அப்படி என்ன செய்கிறான் என்று எர்மெலிந்தாவுக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டு, விரலை மையில் தோய்த்துக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுப் போனான்.

பிறகு எண்ணிக்கை. வாய்ராபம்பாவில் இருந்தது மூன்றே மேசை. மற்ற இரண்டும் சீக்கிரம் முடித்துவிட்டன, இரண்டையும் கூட்டினால் கூயும் கிழங்கும் சரிக்குச் சரி என்று வெளியே கூவினார்கள். இந்த மேசைதான் இழுத்தது, ஏனென்றால் ஒரு சீட்டைக்கூட இரண்டு பேரும் சும்மா விடவில்லை. சின்னத்தின் கட்டத்துக்குள்ளே பெருக்கல் குறி போட வேண்டும், இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளி கட்டத்துக்குள் இருந்தால்தான் ஓட்டு செல்லும். புள்ளி உள்ளே இருக்கிறது என்பாள் ஒருத்தி, உன் கண் வெளியே இருக்கிறது என்பாள் மற்றவள். ஒரு சீட்டில் காஸ்துலோவின் பெயர் மேல் கொம்பு வரைந்திருந்தது. இன்னொன்றில், சூப்பில் உப்பு இல்லை என்று எழுதியிருந்தது. டெல்ஃபின் ஒவ்வொன்றையும் விளக்கருகே தூக்கிப் பார்த்து, இரண்டு பேரில் யார் அதிகம் கத்தினார்களோ அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கத்தலும் சரிக்குச் சரியாக இருந்ததால் எண்ணிக்கையும் சரிக்குச் சரியாகவே வந்தது. கடைசியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம்.

டெல்ஃபின் அதை விரித்தார். பானைச் சின்னத்தின் மேல் குறி. கூய் ஓட்டு. பஸிலிசா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

எர்மெலிந்தா குறியைப் பார்த்தாள். நீளமான இரண்டு கோடு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் குட்டியாக ஒரு கொக்கி. செங்கல் எங்கே வெட்ட வேண்டும் என்று சுவரில் எவரிஸ்தோ போடுகிற குறி அது. அவள் வீட்டுச் சுவரில், பன்றிப் பட்டிச் சுவரில், அவள் மாமியார் கல்லறையில் எல்லாம் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த மனிதனும் அப்படிப் போடமாட்டான். காதுக்கு ஆசைப்பட்டு, கட்டின பெண்டாட்டியின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறான். அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

கோடுகள் வெட்டிக்கொண்ட புள்ளி சரியாகக் கட்டத்தின் விளிம்பின் மேலேயே இருந்தது. உள்ளே என்றும் சொல்லலாம், வெளியே என்றும் சொல்லலாம்.

பஸிலிசா உள்ளே என்றாள்.

எர்மெலிந்தா கத்தவில்லை. சீட்டை டெல்ஃபினிடமிருந்து வாங்கி மேசையின் மேல் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "இந்த ஓட்டு செல்லாது. இதைப் போட்டவனும் செல்லாது."

அவள் கத்தாததுதான் டெல்ஃபினை நடுங்க வைத்தது. செல்லாது என்று எழுதிவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டார்.

ஆக, ஊர் முழுக்கக் கூட்டினாலும் சரிக்குச் சரி. அந்த ஒரு ஓட்டு செல்லுபடியாகியிருந்தால் கூய் ஜெயித்திருக்கும். இப்போது சட்டப்படி சீட்டோ காசோ போட்டுத்தான் மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எர்மெலிந்தா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டாள். எவரிஸ்தோ அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "ஓட்டு ரகசியம்" என்றான். உன் ரகசியத்தை நான் செல்லாததாக்கிவிட்டேன் என்று அவள் சொன்னதும் அவன் விறகை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். அவள் சட்டியை எடுத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். சுவரில் இருந்த காதுகளையெல்லாம் அவள் அன்றைக்கே சுண்ணாம்பு அடித்து அழித்தாள்.

அடுத்த வாரம் மாகாணத் தலைநகரில், தேர்தல் நடுவர்கள் மூன்று பேர் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்க, ஒரு சோல் நாணயத்தைச் சுண்டினார்கள். காஸ்துலோ அரசு முத்திரை இருக்கும் பக்கத்தைக் கேட்டான், ருஃபினோ எண் இருக்கும் பக்கத்தைக் கேட்டார். காசு உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. நடுவர்கள் மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடிப் பார்த்து, எண் என்று அறிவித்தார்கள். அன்று எர்மெலிந்தா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கறி சும்மா கொடுத்தாள். டெல்ஃபினுக்கு இரண்டு துண்டு.

பஸிலிசா வந்து நின்றாள். அவள் மூலையில் அதற்குள் கயிறு கட்டி அளந்துவிட்டார்கள். கண் சிவந்திருந்தது. உன் மூலையில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எர்மெலிந்தாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். எர்மெலிந்தாவுக்கு அந்தப் பாதிக் கிழங்கு ஞாபகம் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டாள். "உலகம் பெருசும்மா, எங்கயாவது உக்காரு" என்றாள்.

சிலை கட்டி முடிகிறவரை சந்தை முழுவதையும் தேவாலயத்தின் பின்புறத்துக்கு மாற்றினார்கள். சதுக்கத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, எவரிஸ்தோ உள்ளேயே கிடந்தான். இஞ்சினியர் ருஃபினோ தினமும் வந்து இன்னும் உயரம், இன்னும் உயரம் என்று சொல்லிவிட்டுப் போனார். மீனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கிழங்குக்கு என்ன முகமா, மூக்கா, பெரிய கல்லுக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கிறது என்று எவரிஸ்தோ சொல்லிச் சலித்துக்கொண்டான். கடைசியில் மனசு கேட்காமல் உச்சியில் முளைவிட்ட மாதிரி இரண்டு காது வைத்துவிட்டான். முளைதான் என்று மேயரிடம் சாதித்துவிட்டான்.

திறப்பு விழா நாள். விடியற்காலையில் தகரத்தை எடுத்தார்கள். எர்மெலிந்தா புதுப் பாவாடை கட்டி, தன் பழைய மூலைக்கு ராணி மாதிரி வந்து கொப்பரையை ஏற்றினாள். முதல் பஸ் வந்தது. ஜனம் இறங்கியது. தட்டு தட்டாக வாங்கினார்கள். வாங்கினவன் ஒருவனும் அவள் பெஞ்சில் உட்காரவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, சதுக்கத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார்கள். இரண்டாவது பஸ் ஜனம் அவளிடம் நிற்கவே இல்லை, நேராக அந்தக் கோடிக்கே போனது.

எர்மெலிந்தாவுக்கு விரல் விறைத்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சதுக்கமெல்லாம் வெயில் மஞ்சளாகக் கொட்டுகிறது. அவள் மூலையில் மட்டும் இருட்டு. கிழக்கே எழுந்த சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த உருளைக்கிழங்கு நிற்கிறது. அதன் நிழல் சதுக்கத்தின் குறுக்கே நீண்டு வந்து, அளந்து தைத்த மாதிரி அவள் மூலையின் மேல் விழுந்திருக்கிறது. காது உட்பட. அந்த மலையில் நிழலில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறவன் பைத்தியக்காரன். கறி வாய்க்குப் போவதற்குள் கொழுப்பு உறைந்துவிடும்.

கிழங்கின் அந்தப் பக்கத்தில் பஸிலிசா கடை போட்டிருந்தாள். குப்பைத் தொட்டி இருந்த இடம் என்று யாரும் சீண்டாத இடம். இப்போது முகத்துக்கு நேரே வெயில், முதுகுக்குச் சிமெண்டு, மேற்குக் காற்று கொஞ்சமும் அண்டவில்லை. பெஞ்சு கொள்ளாமல் ஜனம் தரையிலும் உட்கார்ந்திருந்தது.

எவரிஸ்தோ சாரக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். எர்மெலிந்தா அவனைப் பார்த்தாள்.

"இப்படி நிழல் விழும்னு உனக்குத் தெரியாதாய்யா?"

"தெரியுமே. கூய் உன் மூலையில வந்திருந்தா நிழல் நகராட்சி மேல விழுந்திருக்கும். நீ அது காலடியில வெயில்ல உக்காந்திருப்ப." கம்பை இறக்கி வைத்தான்.

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குறுக்கே பேசாமல் காத்திருந்தாள். எவரிஸ்தோ வாக்கியத்தை முடித்தான்.

"வாயால சொல்ல வந்தேன், நீ விடல. சரின்னு ஓட்டுல சொன்னேன். அதையும் நீ செல்லாதுன்னுட்ட."